முன்னேற்றப் பட்டை உண்மை சொல்ல வேண்டும்: மீதி நேரத்தை நம்பும்படி காட்ட முழுமையான வழிகாட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புகைப்பட ஸ்டூடியோ. கல்யாண ஆல்பம் ஒன்று இணையத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. இரவு ஏழரை மணி. திரையில் "இன்னும் 8 நிமிடம்" என்று இருந்தால் கடைக்காரர் இருந்து முடித்துவிட்டே கதவைப் பூட்டுவார். "இன்னும் 2 மணித்தியாலம்" என்று இருந்தால் கணினியை ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். அந்த எண்ணை எழுதிய புரோகிராமர் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார். ஆனால் ஒருவருடைய மாலைப் பொழுதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. அதனால் பட்டையின் துல்லியத்தை அலங்கார வேலையாக நினைத்து, கடைசி நாள் மதியத்துக்கு ஒதுக்கிவைப்பது சரியில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பட்டை சொல்வது, எவ்வளவு வேலை முடிந்தது என்பதை. அது நடந்து முடிந்த விஷயம், அளந்து சொல்லலாம். மீதி நேரம் சொல்வது, இனி என்ன நடக்கும் என்பதை. அது ஊகம். பட்டை பிழையாகச் சொல்லவே கூடாது. மீதி நேரம் பிழையாகலாம், ஆனால் எவ்வளவு தூரம் பிழையாகும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைச் சரிசெய்பவை. உதாரணத்துக்கு அந்த ஸ்டூடியோவின் பதிவேற்றக் கருவியையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் கற்பனைதான், கணக்கு உண்மை.

படி 1: பட்டை தேவையா என்று பாருங்கள்

கணினி பதில் சொல்ல எடுக்கும் நேரத்துக்கு, பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் பிரபலப்படுத்திய மூன்று எல்லைகள் இன்றும் பயன்படும். 0.1 நொடிக்குள் முடிந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடி வரை ஆளின் யோசனை அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும். ஆகவே 1 நொடிக்குள் முடியும் வேலைக்கு ஒன்றும் காட்ட வேண்டாம். 10 நொடி வரை ஒரு சுழலும் குறி போதும். அதற்கு மேல் போனால் பட்டை வேண்டும். ஒரு நிமிடத்தைத் தாண்டுமானால் மீதி நேரமும் வேண்டும், ஏனென்றால் அந்த அளவில்தான் மனிதர் எழுந்து போகலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார்.

1985இலேயே கணினி ஆய்வாளர் பிராட் மையர்ஸ் தன் ஆய்வில் காட்டிவிட்டார்: எவ்வளவு முடிந்தது என்று காட்டும் திரையையே மக்கள் விரும்புகிறார்கள். இதில் வாதத்துக்கு இடமில்லை, அடுத்த படிக்குப் போவோம்.

படி 2: எதை எண்ணுவது?

பெரும்பாலான பட்டைகள் பிழைப்பது இங்கேதான். பிழை வேகக் கணக்கில் இருப்பதாக எல்லோரும் நினைப்பார்கள், அலகிலேயே பிழை இருக்கும்.

ஆல்பத்தில் இவை இருக்கின்றன என்று வைப்போம்: 6 மெகாபைட் அளவுள்ள 1,200 படங்கள், 800 மெகாபைட் அளவுள்ள 3 வீடியோக்கள், 30 கிலோபைட் அளவுள்ள 1,200 சிறு முன்னோட்டப் படங்கள். மொத்தம் 2,403 கோப்புகள், 9,636 மெகாபைட். இணைப்பு நொடிக்கு 2.5 மெகாபைட் ஏற்றும். ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி கேட்பது, பதில் வருவது என்று 0.4 நொடி கூடுதலாகப் போகிறது.

கோப்பின் எண்ணிக்கையை வைத்துப் பட்டை போட்டால் என்ன ஆகும்? முன்னோட்டப் படங்கள் முதலில் ஏறினால், சுமார் 8 நிமிடத்தில் பட்டை பாதியைத் தொட்டுவிடும். மீதிப் பாதிக்கு 72 நிமிடம். சரி, பைட்டை எண்ணலாம் என்று மாற்றுகிறோம். இப்போது முன்னோட்டப் படங்கள் கடைசியில் வந்தால், பட்டை 99.6 சதவீதத்தில் நின்றுகொண்டு மேலும் 8 நிமிடம் எடுக்கும். "99இல் மாட்டிக்கொண்டது" என்று நாம் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சிக்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் மிகச் சாதாரணமானது இது.

100ஆம் இலக்க பஸ்ஸில் பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்கு வருபவர் தரிப்பிடங்களை மட்டும் எண்ணினாலும் பிழைப்பார், கிலோமீட்டரை மட்டும் எண்ணினாலும் பிழைப்பார். நின்று ஏற்றி இறக்கும் நேரமும் ஓடும் நேரமும் சேர்ந்ததுதான் பயணம். கோப்பு வேலையும் அப்படித்தான். ஆகவே இரண்டையும் கூட்டுங்கள்:

வேலை = கோப்பின் எண்ணிக்கை × ஒரு கோப்புக்கான நிலையான நேரம் + மொத்த பைட் ÷ வேகம்

நம் உதாரணத்தில் 0.4 நொடி என்பது 1 மெகாபைட் ஏற்றும் நேரத்துக்குச் சமம். ஒவ்வொரு கோப்போடும் 1 மெகாபைட்டைக் கூட்டிக் கணக்கிட்டால் மொத்தம் 12,039. அதில் முன்னோட்டப் படங்களின் பங்கு 1,236, அதாவது 10 சதவீதத்துக்குச் சற்று மேல். உண்மையில் 80 நிமிடத்தில் அவை எடுக்கும் பங்கும் அதேதான். எந்த வரிசையில் ஏறினாலும் பட்டை இனி ஒரே சீராக நகரும்.

ஒரு எச்சரிக்கை. இந்த 1 மெகாபைட் நிரந்தரமான எண் கிடையாது. இணைப்பு மந்தமானால் பைட் ஏறும் நேரம் கூடும், ஆனால் ஒரு கோப்புக்கான காத்திருப்பு பெரிதாகக் கூடாது. அதனால் "ஒரு கோப்புக்கு எத்தனை நொடி", "நொடிக்கு எத்தனை பைட்" என்ற இரண்டையும் தனித்தனியாக அளந்து வைத்திருப்பதே நல்லது.

அந்த 0.4 நொடி எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். சர்வர் சிங்கப்பூரில் இருப்பதாக வைப்போம். கொழும்பிலிருந்து அது ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நேர்கோட்டில் கேபிள் இருந்தாலும் போய்வர 27 மில்லி நொடி, கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் அதைவிடக் கூடும். ஒவ்வொரு கோப்புக்கும் புது இணைப்பைத் திறந்து, பாதுகாப்புக் கைகுலுக்கலும் (இரு பக்கமும் குறியாக்கத்தை ஒப்புக்கொள்வது) செய்து, அனுமதியும் கேட்டால் இந்தப் பயணம் பலமுறை நடக்கிறது. ஒரே இணைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலோ, சிறு படங்களை ஒரே பொதியாகக் கட்டி அனுப்பினாலோ அந்த 8 நிமிடத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். பட்டையைச் சரிசெய்யும் முயற்சி இப்படி வேலையையே சுருக்கிவிடுவது உண்டு. அப்படி நடந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

படி 3: மொத்தம் எவ்வளவு என்று உண்மையாகத் தெரிந்துகொள்ளுங்கள்

சதவீதத்துக்கு ஒரு வகுக்கும் எண் வேண்டும். அது தெரியாமல் சதவீதம் காட்டுவது கதை அளப்பது.

தரவிறக்கத்தில் சர்வர் கோப்பின் நீளத்தை முன்கூட்டியே சொன்னால் பிரச்சினை இல்லை. துண்டு துண்டாக அனுப்பும் முறையில் நீளம் வராது, அங்கே "இதுவரை 340 மெகாபைட்" என்று மட்டும் காட்டுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. சர்வர் ஜீசிப் முறையில் சுருக்கி அனுப்பினால் அது சொல்லும் நீளம் சுருக்கியதன் நீளம். பிரௌசர் உங்கள் புரோகிராமுக்குத் தருவதோ விரித்த பைட்டுகளை. ஒன்றை மற்றதால் வகுத்தால் பட்டை 100ஐத் தாண்டி ஓடும்.

சுருக்கிய கோப்பை விரிக்கும்போது என்ன செய்வது? சிப் கோப்பின் கடைசிப் பகுதியில் உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளின் அளவும் பட்டியலாக இருக்கும், அதைப் படித்துக்கொள்ளலாம். ஜீசிப் கோப்பின் கடைசி 4 பைட்டிலும் விரித்த அளவு இருக்கிறது, ஆனால் அது 4 ஜிகாபைட்டைத் தாண்டினால் மறுபடி பூச்சியத்திலிருந்து எண்ணும். ஆகவே வெளியே வரும் பைட்டை விட்டுவிட்டு, உள்ளே போகும் சுருக்கிய பைட்டை எண்ணுங்கள். அதன் மொத்தம் எப்போதும் தெரியும்.

ஆயிரக்கணக்கான கோப்புகளை நகலெடுப்பதென்றால், முதலில் ஒருமுறை பட்டியல் எடுக்க வேண்டுமா என்ற கேள்வி வரும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி இயல்பாகப் பட்டியலையும் நகலெடுப்பையும் ஒன்றாக நடத்துகிறது. அதனால் மொத்த முன்னேற்றத்தைக் காட்டச் சொன்னால், பட்டியல் வளர வளரச் சதவீதம் பின்னுக்குப் போவதைப் பார்க்கலாம். பட்டியல் முழுவதையும் எடுத்த பிறகே தொடங்கச் சொல்லும் தெரிவும் அதில் உண்டு. என் தெரிவு: பட்டியல் எடுக்க மொத்த வேலையில் நூற்றில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் ஆகாது என்றால் முதலில் எண்ணிவிடுங்கள். அதற்கு மேல் ஆகும் என்றால் "எண்ணிக்கொண்டிருக்கிறோம், இதுவரை 18,000 கோப்பு" என்று அதையும் வெளிப்படையாகக் காட்டுங்கள்.

படி 4: கட்டங்களுக்கு எடை கொடுங்கள்

நம் கருவி மூன்று கட்டமாக வேலை செய்கிறது: கோப்புகளைச் சரிபார்க்க 3 நிமிடம், ஏற்ற 80 நிமிடம், சர்வரில் ஆல்பத்தைக் கட்ட 12 நிமிடம். மூன்றுக்கும் சமமாக 33 சதவீதம் கொடுத்தால் முதல் மூன்றில் ஒரு பங்கு 3 நிமிடத்தில் பறந்துவிடும். நேரத்தின்படி எடை கொடுத்தால் 3, 84, 13.

இந்த எடைகளை ஊகித்து எழுத வேண்டாம். ஒவ்வொரு முறை ஓடும்போதும் கட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை அதே கணினியில் சிறு கோப்பு ஒன்றில் எழுதிவையுங்கள். அடுத்த முறை அதுவே எடை. புரோகிராமரின் வேகமான மடிக்கணினியில் அளந்த எடை, கொட்டாஞ்சேனையில் பத்து வருடப் பழைய கணினிக்குப் பொருந்தாது.

தரவுத்தளங்களில் இந்த வேலை பாதி செய்தே கிடைக்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பில் பழைய வரிகளை நீக்கும் துப்புரவுப் பணியின் முன்னேற்றத்தையும், 12இல் தேடலுக்கான சுட்டி (இண்டெக்ஸ்) உருவாக்குவதையும், 14இல் மொத்தத் தரவு நகலையும் கட்டம் கட்டமாகக் காட்டும் அட்டவணைகளைச் சேர்த்தது. உங்கள் கருவி அதன் மேல் ஓடுகிறது என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

படி 5: வேகத்தை அளப்பது

மீதி நேரம் = மீதி வேலை ÷ வேகம். எளிய கணக்கு. ஆனால் எந்த வேகம்?

ஆல்பம் பாதி ஏறிவிட்டது, 4,800 மெகாபைட் மீதி, வேகம் 2.5 என்று வைப்போம். விஷயம் தெளிவாக இருக்க இங்கே பைட்டை மட்டும் பார்ப்போம். மீதி 32 நிமிடம். ஒரே ஒரு நொடிக்கு வேகம் 0.5க்கு விழுகிறது. அந்த நொடியின் வேகத்தை அப்படியே எடுத்தால் திரை 32 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடத்துக்குத் தாவும், அடுத்த நொடி திரும்பி வரும். கோப்பு நகலெடுப்பதைக் காட்டும் திரைப்பெட்டிகள் மக்களிடம் பெயர் கெட்டுப்போனது இந்தத் தாவலால்தான்.

இதற்குப் பயந்து சிலர் தொடக்கத்திலிருந்தான முழுச் சராசரியை எடுப்பார்கள். அது வேறு விதமாக ஏமாற்றும். முதல் அரை மணித்தியாலம் 2.5 வேகத்தில் ஓடி 4,500 மெகாபைட் ஏறியது. பிறகு மாத டேட்டா ஒதுக்கீடு முடிந்து வேகம் 0.5க்கு இறங்குகிறது. கொழும்பில் வீட்டு இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அந்த மந்தத்திலேயே 10 நிமிடம் ஓடி, 4,800ஐத் தொடுகிறது. முழுச் சராசரி இப்போது நொடிக்கு 2.0. திரை "இன்னும் 40 நிமிடம்" என்கிறது. உண்மையில் மீதி 2 மணி 40 நிமிடம். கடைக்காரர் 40 நிமிடம் காத்திருக்கிறார், எண் இறங்கவே மறுக்கிறது.

நடுவழிதான் சரி. புது அளவுக்குக் கொஞ்சம் எடை, பழைய மதிப்பீட்டுக்கு மீதி எடை:

புது மதிப்பீடு = 0.3 × இப்போதைய வேகம் + 0.7 × பழைய மதிப்பீடு

பைதான் எழுதுபவர்களுக்குப் பழக்கமான, முன்னேற்றப் பட்டை காட்டும் டிகியூடிஎம் நூலகத்தில் இந்த 0.3தான் இயல்பு அமைப்பு. அதில் 0 வைத்தால் முழுச் சராசரி, 1 வைத்தால் அந்தக் கணத்து வேகம். தரவிறக்கவும் பதிவேற்றவும் உதவும் கர்ல் கருவி வேறு வழியில் போகிறது, கடைசி 5 நொடியின் சராசரியை இப்போதைய வேகமாகக் காட்டுகிறது.

மேலே சொன்ன ஒரு நொடிச் சறுக்கலுக்கு 0.3ஐப் போட்டுப் பாருங்கள்: மதிப்பீடு 1.9 ஆகும், மீதி நேரம் 32இலிருந்து 42 நிமிடமாகும். தாவல் குறைந்தாலும் இன்னும் கண்ணில் படும். இதில் உள்ள குறை, எடை அளவெடுக்கும் இடைவெளியோடு கட்டுண்டிருப்பது. நொடிக்கு ஒருமுறை அளப்பவருக்கும் நொடிக்குப் பத்து முறை அளப்பவருக்கும் ஒரே 0.3 வேறு வேறு விதமாக வேலை செய்யும். அதனால் எடையை நேரத்தோடு கட்டுங்கள். "15 நொடி பழைய தகவலுக்குப் பாதி மதிப்பு" என்று முடிவுசெய்தால், பழையதன் எடை 0.5இன் அடுக்கு (கடந்த நொடி ÷ 15). ஒரு நொடி கடந்தால் அது 0.955. அதே சறுக்கலில் மதிப்பீடு 2.41 ஆகும், திரை 32இலிருந்து 33 நிமிடத்துக்குத்தான் போகும். டேட்டா முடிந்து வேகம் உண்மையிலேயே இறங்கினால், ஒரு நிமிடத்தில் பழைய வேகத்தின் செல்வாக்கு 6 சதவீதமாகிவிடும். அதாவது ஓரிரு நிமிடத்துக்குள் உண்மை திரைக்கு வந்துவிடும்.

15 நொடி எல்லா வேலைக்கும் பொருந்தாது. மொத்தம் இரண்டு நிமிட வேலைக்கு 5 நொடி போதும், இரவு முழுக்க ஓடும் காப்புப் பிரதிக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்கூட வைக்கலாம்.

படி 6: "எழுதியாயிற்று" என்ற பதிலை உடனே நம்பாதீர்கள்

லினக்ஸ் கணினியில் 4 ஜிகாபைட் திரைப்படம் ஒன்றைப் பென் டிரைவில் நகலெடுக்கிறீர்கள். பட்டை சில நொடியில் முக்கால்வாசியைக் கடந்துவிடும். பிறகு அசையாது. நடந்தது என்ன? புரோகிராம் எழுதிய பைட்டுகளை இயங்குதளம் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது. எழுத வேண்டியவை, கிடைக்கும் நினைவகத்தில் 20 சதவீதத்தைத் தொடும்வரை அது தடுப்பதில்லை, இதுதான் வழக்கமான அமைப்பு. 16 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் அது ஏறக்குறைய 3 ஜிகாபைட். நொடிக்கு 10 மெகாபைட் எழுதும் பென் டிரைவில் அந்த 3 ஜிகாபைட் உண்மையில் இறங்க 5 நிமிடம் வேண்டும். அந்த 5 நிமிடத்துக்குள் பென் டிரைவைப் பிடுங்கினால் கோப்பு கெட்டுப்போகும். பட்டையின் பொய் இங்கே நேரத்தோடு சேர்த்துக் கோப்பையும் கெடுக்கிறது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்பவர் இதைச் செய்யட்டும்.

தீர்வு: ஒவ்வொரு 64 மெகாபைட்டுக்கும் ஒருமுறை எஃப்சிங்க் அழைப்பின் மூலம் "வட்டில் இறங்கிவிட்டதா" என்று கேட்டு, இறங்கியதை மட்டும் பட்டையில் சேருங்கள். மொத்த வேகம் கொஞ்சம் குறையலாம், பட்டை உண்மையாகிவிடும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிரைவுகளுக்கு விரைவாக அகற்றும் முறையே இயல்பாக இருப்பதால் இந்தச் சிக்கல் அங்கே குறைவு. ஆனாலும் பாதுகாப்பாக அகற்றும் பழக்கத்தை விட வேண்டாம்.

பதிவேற்றத்திலும் இதே கதை. பிரௌசர் தரும் பதிவேற்ற முன்னேற்றம், பைட்டுகளை வலையமைப்பிடம் ஒப்படைத்த கணக்கு. அவை சிங்கப்பூர் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, சர்வர் வாங்கி வைத்துக்கொண்டதன் கணக்கு வேறு. நடுவில் பிராக்சி என்ற இடைநிலை சர்வர் இருந்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும். கோப்பை 8 மெகாபைட் பாகங்களாக வெட்டி, ஒவ்வொரு பாகத்துக்கும் சர்வர் "கிடைத்தது" என்று பதில் சொன்ன பிறகு மட்டும் பட்டையை நகர்த்துங்கள். 2.5 மெகாபைட் வேகத்தில் 3 நொடிக்கு ஒருமுறை பட்டை அசையும், அது போதும். அமேசான் எஸ்3 போன்ற கோப்புச் சேமிப்புச் சேவையில் இப்படி ஏற்றுவதென்றால் கடைசிப் பாகம் தவிர மற்றவை குறைந்தது 5 மெகாபைட் இருக்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். இந்த வழியில் இன்னொரு லாபமும் உண்டு: இணைப்பு அறுந்தால் கடைசிப் பாகத்திலிருந்து தொடரலாம்.

எஸ்எஸ்டி வட்டுகளிலும் ஒரு மறைவு இருக்கிறது. பலவற்றில் வேகமாக எழுத ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். அது நிரம்பியதும் எழுதும் வேகம் பல மடங்கு விழும். முதல் நிமிடத்து வேகத்தை வைத்து 200 ஜிகாபைட் நகலுக்கு நேரம் சொன்னால் பிழைப்பது நிச்சயம். முன்பு அதே வட்டில் ஓடிய நீண்ட நகலின் சராசரியைத் தொடக்க மதிப்பாக எடுத்தால் பிழை குறையும்.

படி 7: திரையில் எப்படிக் காட்டுவது

முதல் சில நொடிகளில் மீதி நேரத்தைக் காட்டாதீர்கள். "கணக்கிடுகிறோம்" என்று மட்டும் இருக்கட்டும். வேக மதிப்பீடு அமைதியான பிறகு எண்ணைக் கொண்டுவாருங்கள்.

தெரியாத துல்லியத்தைக் காட்ட வேண்டாம். "37 நிமிடம் 14 நொடி" என்று எழுதும் கருவிக்கு அந்த 14 நொடி தெரியாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் கால் மணிக்கு முழுமையாக்குங்கள், 10 நிமிடத்துக்கு மேல் 5 நிமிடத்துக்கு, அதற்குக் கீழ் நிமிடத்துக்கு. கடைசி ஒரு நிமிடத்தில் "ஒரு நிமிடத்துக்குள்" என்பது போதும். "சுமார்" என்ற சொல்லைச் சேர்க்கத் தயங்காதீர்கள்.

பட்டை பின்னோக்கி நகரக் கூடாது, மொத்தம் கூடிவிட்டால் மட்டும் விதிவிலக்கு. அப்படி நடந்தால் காரணத்தையும் எழுதுங்கள்: "மேலும் 400 படம் சேர்ந்தது". மீதி நேரம் கூடலாம். வேகம் உண்மையில் குறைந்திருக்கும்போது பழைய எண்ணையே பிடித்து வைத்திருப்பதைவிட அது நேர்மையானது.

நின்றுபோனதை நின்றுபோனதாகவே காட்டுங்கள். 20 நொடியாக ஒரு பைட்டும் ஏறவில்லை என்றால் மீதி நேரத்தை எடுத்துவிட்டு "இணைப்பு இல்லை, திரும்ப முயல்கிறோம்" என்று போடுங்கள். பட்டைக்குள் ஒளி ஓடிக்கொண்டே இருக்கும் அலங்காரத்தை வேலையின் அசைவோடு இணையுங்கள். வேலை செத்த பிறகும் ஓடும் ஒளி ஆளை வீணாகக் காத்திருக்க வைக்கும்.

இங்கே ஒரு சர்ச்சை உண்டு. கிறிஸ் ஹாரிசனும் கூட்டாளிகளும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடைசியில் வேகமெடுக்கும் பட்டையை மக்கள் விரைவானதாக உணர்கிறார்கள், கடைசியில் தயங்கும் பட்டையை மந்தமானதாக. இதைப் படித்துவிட்டுப் பட்டையை வேண்டுமென்றே வளைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆய்விலிருந்து எடுக்க வேண்டியது வேறு: எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத கட்டங்களைக் கடைசியில் வைக்காதீர்கள். கடைசியில்தான் வைக்க முடியும் என்றால் அதற்குரிய எடையைக் கொடுத்து, "ஆல்பம் கட்டப்படுகிறது" என்று பெயரும் கொடுங்கள்.

இலங்கையில் ஒரே திரை மூன்று மொழியில் போவது வழக்கம் என்பதால், மொழி சார்ந்த சொற்றொடரை எண்ணோடு ஒட்டி உருவாக்காதீர்கள். தமிழில் "1 நிமிடம்", "5 நிமிடங்கள்" என்று இரண்டு வடிவம் வரலாம், மொழிபெயர்ப்புக் கோப்பில் இரண்டுக்கும் இடம் விடுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஒவ்வொரு சதவீதத்தையும் வாசித்தால் அவர்களால் வேறு வேலை செய்ய முடியாது. 10 சதவீதத்துக்கு ஒருமுறை அறிவித்தால் போதும்.

படி 8: கரண்ட் போனால், மடிக்கணினி உறங்கினால்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த ஊர் இது. நீண்ட வேலை ஒன்று இடையில் அறும் என்றே எடுத்துக்கொண்டு எழுதுங்கள்.

முடிந்த பாகங்களின் பட்டியலை வட்டில் வைத்திருங்கள். மறுபடி தொடங்கும்போது பட்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டும், ஆனால் வேகத்தைப் புதிதாக அளக்கட்டும். தொடங்கிய நேரத்தை முதல் நாளிலிருந்து எடுத்தால், கரண்ட் இல்லாத 5 மணித்தியாலமும் வேலை செய்த நேரமாகக் கணக்கில் வந்துவிடும். பழைய பாகங்களை 10 நொடியில் "ஏற்கெனவே இருக்கிறது" என்று தாண்டிச் செல்வதையும் வேகத்தில் சேர்க்காதீர்கள், இல்லையென்றால் மீதி 4 ஜிகாபைட்டுக்கு 10 நொடி என்று திரை சொல்லும்.

நேரத்தைக் கணினியின் சுவர்க் கடிகாரத்தில் அளக்க வேண்டாம். அது இணையத்தோடு ஒத்திசைந்து முன்னே பின்னே நகரக்கூடியது. எப்போதும் முன்னோக்கி மட்டும் ஓடும் கடிகாரம் ஒவ்வொரு இயங்குதளத்திலும் தனியாக உண்டு. லினக்ஸில் அதன் மொனோடோனிக் வகை, கணினி உறங்கிய நேரத்தைச் சேர்க்காது, பூட்டைம் வகை சேர்க்கும். வேகத்துக்கு முதலாவதே பொருத்தம்.

படி 9: எவ்வளவு பிழைக்கிறது என்று அளந்து பாருங்கள்

ஒவ்வொரு ஓட்டத்திலும் 10 நொடிக்கு ஒருமுறை மூன்று எண்களை எழுதிவையுங்கள்: கடந்த நேரம், பட்டையின் சதவீதம், அப்போது சொன்ன மீதி நேரம். வேலை முடிந்ததும் உண்மையான மீதி நேரம் ஒவ்வொரு வரிக்கும் தெரிந்துவிடும்.

முதல் சோதனை பட்டைக்கு. நேரத்தைக் கிடையாகவும் சதவீதத்தை நெடுக்காகவும் வைத்து வரையுங்கள். மூலைக்கு மூலை நேர்கோடு வந்தால் அலகும் எடையும் சரி. வேகம் மாறிய இடத்தில் கோடு வளைந்தால் அது பட்டையின் குற்றம் அல்ல. ஆனால் சீரான இணைப்பிலும் ஒரே இடத்தில் எப்போதும் வளைகிறது என்றால் 2ஆம், 4ஆம் படிகளுக்குத் திரும்புங்கள். கடைசியில் தட்டையாகப் படுத்தால் 6ஆம் படி.

இரண்டாவது சோதனை மீதி நேரத்துக்கு. உண்மையான மீதியைச் சொன்ன மீதியால் வகுங்கள். 40 நிமிடம் என்று சொல்லி 60 ஆனால் விகிதம் 1.5. இதை 10, 25, 50, 75, 90 சதவீதப் புள்ளிகளில் எடுத்து, பல ஓட்டங்களுக்குச் சேர்த்துப் பாருங்கள். பத்தில் எட்டு ஓட்டம் 0.8க்கும் 1.25க்கும் இடையில் நின்றால் ஒற்றை எண்ணைக் காட்டலாம் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். அதைவிடப் பரந்திருந்தால் வீச்சைக் காட்டுங்கள். பத்தில் எட்டு ஓட்டம் 0.9க்கும் 1.6க்கும் இடையில் விழுகிறது, கணக்கு 30 நிமிடம் என்கிறது என்றால் உண்மை 27க்கும் 48க்கும் நடுவில். "அரை மணியிலிருந்து 50 நிமிடம் வரை" என்று எழுதலாம். கடைக்காரருக்கு முடிவெடுக்க அது போதும்.

அலுவலகத்து ஃபைபர் இணைப்பில் மட்டும் சோதிப்பது சோதனையே இல்லை. மோசமான வலையமைப்பைப் போலச் செய்துகாட்டும் லினக்ஸின் நெட்எம் வசதியால் 100 மில்லி நொடித் தாமதத்தைக் கூட்டி ஓட்டுங்கள். குரோமின் டெவலப்பர் பலகத்தில் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். காலையில் ஒருமுறை, எல்லோரும் வீட்டில் படம் பார்க்கும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை, தொலைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை. நடுவில் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றி மாட்டுங்கள். ஆயிரம் சிறு கோப்பும் ஒரே ஒரு பெரிய கோப்பும் என இரண்டு எல்லைகளையும் கட்டாயம் பாருங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் விகிதம் கட்டுக்குள் வராத வேலைகள் உண்டு. வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வரிசையில் நிற்கும் வேலை அப்படிப்பட்டது, அங்கே முன்னால் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. அந்த இடத்தில் மீதி நேரத்தை எடுத்துவிடுங்கள். முடிந்தவற்றின் எண்ணிக்கை, இப்போது ஓடும் கோப்பின் பெயர், கடைசியாக அசைந்த நேரம் ஆகிய மூன்றும் திரையில் இருக்கட்டும். முடிந்ததும் தொலைபேசிக்கு ஒரு அறிவிப்புப் போகும்படி செய்துவிடுங்கள்.